எழுத்து மாற்றுகிறவனுக்குப் பெண் இல்லை

சால்ட்பாண்ட்,
வியாழக்கிழமை காலை.

குமாசியில் வாசம் செய்யும் மதிப்பிற்குரிய மச்சான் க்வாமினா அமிசா அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் தங்கை புருஷனும், மாவட்ட நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுமான ஜோசையா கொபினா எசில்பி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் எனக்குச் சர்க்கரையும் கொதிப்பும் அளவோடு இருக்கின்றன. உங்கள் தங்கை ஏக்குவா முன்னைவிடப் பருத்து, முன்னைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது கீழே வரும். உங்கள் முழங்கால், உங்கள் வீட்டம்மா, உங்கள் கோழிகள் எல்லாவற்றின் சுகத்தையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை முடிந்தது. இனி விஷயம்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நாலு தடவை ‘ம்’ கொட்டிவிட்டு, "சரி மச்சான், பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு ‘ம்’ கொட்ட முடியாது. மத்தியானம் புறப்படும் குமாசி பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள். வருகிற சனிக்கிழமை அந்த ஜோஜோ டாட்சியின் வீட்டார் இரண்டாம் முறை நம் வீட்டுக் கதவைத் தட்ட வருகிறார்கள். முதல் முறை ஷ்னாப்ஸ் சாராயப் பாட்டிலோடு வந்து பெண் கேட்டபோது, "தாய்மாமனைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகள் தாய் வீட்டுக்குச் சொந்தம். பெற்று வளர்த்துப் படிக்க வைத்த நான் தலைகீழாக நின்று வேண்டாம் என்றாலும், நீங்கள் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிவிட்டால் அராபா அவன் பெண்டாட்டி. ஆகவே நீங்கள் சனிக்கிழமை வந்து, பாட்டிலைத் தொடாமல், "எங்கள் வீட்டில் உனக்குப் பெண் இல்லை" என்று சொல்லவேண்டும். சும்மா சொன்னால் போதாது, கோபமாகச் சொல்லவேண்டும். அந்தக் கோபம் உங்களுக்கு வருவதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஜோஜோ யார் என்றால், கடற்கரைச் சாலையில் ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டுப் பெயர்ப் பலகை எழுதுகிறவன். ட்ரோட்ரோ வண்டிகளின் முதுகில், வள்ளங்களின் விலாவில், சலூன் சுவரில், எங்கே பெயிண்ட் ஒட்டுமோ அங்கெல்லாம் எழுதுவான். எழுத்து முத்து முத்தாக இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. குடி கிடையாது, சண்டை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு ஆராதனைக்கு வருகிறான். ஆனால் அவனுக்கு ஒரு வியாதி. ஒரு நல்ல ஆங்கிலச் சொல், பெரிய சொல், அகராதியில் யாரும் போய்த் தொந்தரவு செய்யாத பக்கத்தில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிற சொல், அவன் கையில் கிடைத்தால் போதும். அதில் ஒரே ஒரு எழுத்தைப் பிடுங்கி வேறொன்றைச் செருகிவிடுவான். அவ்வளவுதான், அந்தச் சொல் வேட்டி அவிழ்ந்த பெரிய மனுஷன் மாதிரி நடுத்தெருவில் நிற்கும்.

ஒரு எழுத்துதானே என்பீர்கள். ஒரு எழுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் மச்சான். பழைய மாஜிஸ்ட்ரேட் காலத்தில் ஒருவன் ஆடு திருடினான். ‘கோட்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் டைப்பிஸ்ட் ‘போட்’ என்று அடித்துவிட்டான், ஆடு படகாகிவிட்டது. "படகை எங்கே ஒளித்தாய்?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்கிறார். அவன் காதில் நான் நம் ஃபான்டி பாஷையில் சொல்லுமுன்பே பயத்தில் பதில் வருகிறது: "என் பெண்டாட்டி சமையல்கட்டுலதான் கட்டி வெச்சிருந்தேன் சாமி. ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருந்துச்சு, மரவள்ளித் தோலு போட்டதும் அடங்கிருச்சு." மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆட்டுக்கு மூன்று மாசம், படகுக்கு இரண்டு வருஷம். நான் எழுந்து குறுக்கே பேசியிராவிட்டால் அந்த ஆள் படகுக்காக உள்ளே போயிருப்பான். இப்படி முப்பத்து நான்கு வருஷம் எழுத்து எழுத்தாகக் காவல் காத்தவன் வீட்டு வாசலில், எழுத்தைத் திருடுகிறவன் மாப்பிள்ளையாக வந்து நிற்கிறான்.

நம் ஊர்ச் சனத்துக்குப் பெரிய ஆங்கிலச் சொல் என்றால் உயிர். கடை திறந்தாலும் வள்ளம் இறக்கினாலும் என்னிடம்தான் வருவார்கள். "ஐயா, வாய் நெறைய இருக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். நானும் கொடுப்பேன். நான் கொடுத்தனுப்புகிற சொல் ஒன்று, ஜோஜோவின் பலகையில் ஏறுகிற சொல் வேறொன்று. முதலில் மாட்டியவள் கென்கே விற்கிற மான்சா. விடியுமுன் எழுந்து புளித்த சோளமாவைக் கிண்டி, உருட்டி, இலையில் கட்டி, சாயங்காலம் வரை நின்றுகொண்டே விற்கிறாள். அவளுக்கு ‘இண்டிஃபாட்டிகபிள்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். அலுப்பு சலிப்பு அறியாதவள் என்று அர்த்தம். எவ்வளவு யோசித்துக் கொடுத்த சொல்! ஜோஜோ அதில் ஒரு ‘டி’யைக் கூடுதலாகப் போட்டு, நடுவில் இருந்த ‘ஃபேட்’டை மட்டும் மஞ்சள் பெயிண்டில் பருமனாக எழுதி, கீழே ‘அலுக்காமல் பருப்பவர்களுக்கு’ என்று விளக்கமும் கொடுத்துவிட்டான். கொழுப்பு, மச்சான், கொழுப்பு. நேரே மான்சாவிடம் போனேன். "உன் மானத்தை வாங்கிட்டான், பலகையைக் கழட்டு, நான் சாட்சி சொல்றேன்" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அட போங்கய்யா. உங்க வார்த்தையைச் சாக்குக்கட்டியில எழுதி ஒரு வருசம் வெச்சிருந்தேன், ஒரு நாய் எட்டிப் பாக்கல. இப்ப படிச்சுச் சிரிச்சுக்கிட்டு ரெண்டு உருண்டை கூடவே வாங்குதுங்க. நில்லுங்க, உங்களுக்கும் ஒண்ணு கட்டித் தரேன், மெலிஞ்சு போயிட்டீங்க."

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வள்ளத்துக்காரர் அபானின் புது வள்ளத்தில் செய்தானே, அதைப் பொறுக்கவே முடியாது. மானம் கப்பலேறியது என்று சொல்வார்கள், என் மானம் வள்ளம் ஏறியது. அபானுக்கு நான் கொடுத்த சொல் ‘மேக்னானிமஸ்’. பெருந்தன்மையும் பெரிய மனசும் உள்ளவன் என்று பொருள். அபான் கடற்கரையில் அப்படித்தான், கேட்டவனுக்கெல்லாம் மீன் அள்ளிக் கொடுப்பார். வீட்டில் எப்படி என்று உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் அவர் பெண்டாட்டி எசிதான் இங்கே மீன்காரிகளுக்கெல்லாம் தலைவி, அவள் தும்மினால் சந்தை நிற்கும். வள்ளம் இறக்குகிற அன்று மேளம், கொடி, பாட்டு, கடற்கரை கொள்ளாத கூட்டம். பெயரை வாசித்துப் பொருள் சொல்ல என்னை அழைத்து முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. நான் கொடுத்த சொல்லை நான் படிக்க எனக்கெதற்குக் கண்ணாடி? "மேக்னானிமஸ்!" என்று முழங்கினேன். "இந்த வள்ளத்தின் சொந்தக்காரர் வெளியில் எப்படியோ வீட்டிலும் அப்படியே, பெயரைப் பார்த்தாலே தெரியும்!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கத்துகிறது: "ஐயா, கடைசில ஒரு ஈ இருக்கு!" "ஈயா? ஓட்டிவிடு" என்று நான் கையை வீசினேன். சிரிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன், ‘மேக்னானிமவுஸ்’. கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்ந்து பெருந்தன்மை முழுவதும் எலியாகிவிட்டது. வெளியே வள்ளல், வீட்டுக்குள் சுண்டெலி. எசி பெயரை ஒரு தடவை பார்த்தாள், புருஷனை ஒரு தடவை பார்த்தாள், பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு ஐஸ் தொழிற்சாலைவரை கேட்டிருக்கும். மறுநாள் அபானிடம் போய், "அழிக்கச் சொல்லுங்க, நான் பேசறேன் அந்தப் பயல்கிட்ட" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எசி என்னைப் பாத்துச் சிரிச்சுப் பதினோரு வருசம் ஆச்சு. அந்த எழுத்து மேல கையை வெச்சீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். இப்படிப்பட்ட ஊரில் நான் யாரிடம் நியாயம் கேட்பது?

அறுப்பின் பண்டிகைக்கு வடக்கேயிருந்து ஒரு போதகரைப் பேச அழைத்திருந்தோம். அவருக்கு ஃபான்டி வராது. அவர் ஆங்கிலத்தில் பிரசங்கிப்பார், பக்கத்தில் நின்று நான் மொழிபெயர்க்கவேண்டும். கோயில் வாசலில் வரவேற்புத் துணி கட்டினார்கள், எழுதியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ‘ரெவரெண்ட்’ என்பதில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ‘நெவரெண்ட்’ என்று எழுதியிருக்கிறான். முடிவே இல்லாதவர்! போதகர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆராதனை முடிந்து, பசியில் பிள்ளைகள் அழத் தொடங்கி, கிழவர்கள் தூங்கி விழித்து மறுபடி தூங்கிய பிறகு, வெளியே வந்து என்னிடம் மெல்லக் கேட்கிறார்: "மிஸ்டர் எசில்பி, நான் பேசினது இருபது நிமிஷம். நாம பதினோரு மணிக்கு ஆரம்பிச்சோம். இப்ப மணி ஒண்ணே கால். மிச்ச நேரம் பேசினது யாரு?" "உங்க பிரசங்கத்துல விளக்கம் கொஞ்சம் போதலை, நான் சேர்த்துச் சொன்னேன்" என்றேன். ஜோஜோ அந்தப் பக்கம் நின்று துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "அது போதகருக்கு எழுதினது இல்லைங்க" என்றான். வேறு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோயில் வாசல் என்றும் பார்த்திருக்கமாட்டேன்.

இப்போது கேளுங்கள், இதுதான் முக்கியம். என் எழுபதாவது பிறந்த நாளுக்கு உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் கேட்டில் மாட்டப் பெயர்ப் பலகை செய்யச் சொல்லியிருக்கிறாள். அவனிடம்! இருபது பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி அகின்ஸ் வாழ்த்துரை என்று எழுந்தவர் என் பிறப்பிலிருந்து ஆரம்பித்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் நின்றார். நான் நடுவில் எழுந்து, "போதும் அகின்ஸ், மீதி எனக்குத் தெரியும்" என்று சொல்லித் துணியை இழுத்தேன். ‘இன்டர்ப்ரெட்டர்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘இன்டரப்டர்’ என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அல்ல, குறுக்கே பேசுகிறவர். அகின்ஸ் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டார். இருபது பேரும் சிரித்தார்கள். உங்கள் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அராபா மட்டும் சிரிக்கவில்லை, "அப்பா, வேணும்னா நான் கழட்டிடறேன்" என்றாள். என் பெண் தங்கம். அவளைப் போய் இவனுக்கா?

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. காரணம் அவன் என்னைக் கேலி செய்ததல்ல மச்சான், அது வேறு. எண்ணிப் பாருங்கள், அந்தச் சொல்லில் மூன்று எழுத்து மாறியிருக்கிறது! மூன்று! கென்கேக்கு ஒரு எழுத்து, வள்ளத்துக்கு ஒரு எழுத்து, போதகருக்கு ஒரு எழுத்து, எனக்கு மட்டும் மூன்றா? ஒரு எழுத்தை மாற்றுகிறவன் கெட்டிக்காரன் என்றாவது சொல்லலாம், மூன்றை மாற்றுகிறவன் வெறும் எழுத்துப் பிழைக்காரன். மறுநாளே கொட்டகைக்குப் போய் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஒரே எழுத்து. கூட்டு, குறை, மாத்து, எது வேணா செய், ஆனா ஒரே எழுத்து. இதுக்கு மேல போனா அது கோமாளித்தனம்" என்றேன். அவன் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இது சட்டமா?" என்றான். "இன்னியிலேருந்து சட்டம்" என்றேன். அவன் சாயங்காலம் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தான். மறுநாளும் வந்தான். இரண்டு மாசமாக வந்துகொண்டே இருக்கிறான். மன்னிப்புக் கேட்கிறவன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகவேண்டாமா? ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவான், நான் தீர்ப்புச் சொல்லவேண்டும். எண்பது வயசுக்காரரை ‘ஆக்டோஜெனேரியன்’ என்கிறார்களே, அதன் தலையில் ஒரு ‘டி’யை வைத்து ‘டாக்டோஜெனேரியன்’ ஆக்கலாம், எண்பது வயசுக்கு மேல் ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறவர் என்று ஒரு நாள் நான் சும்மா பேச்சுக்குச் சொல்லிவிட்டேன். அதைத் தன் சொந்தச் சொல் போல மருந்துக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டான். திருட்டுப் பயல். அது என் சொல். நான் சொன்னது. மருந்துக் கடைக்குப் போய் மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் மரியாதை தெரியாதவன் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாசம் அராபாவின் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சருக்குக் கல்யாண விருந்து. அராபாவும் அவனும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அவன் நாலு மணிக்கு வந்தான். அராபா புதுத்துணி உடுத்தி, காதில் பெரிய தோடு போட்டு, கைப்பையோடு கதவருகில் நிற்கிறாள். நான் சும்மா, போகிற போக்கில், "ஒரு எழுத்தைக் குறைக்கிறதும் மாத்துறதும் ஒண்ணாடா?" என்று கேட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். "அதெப்படிங்க ஒண்ணாகும்?" என்றான். பேச்சு பேச்சாகவே போயிற்று. பாதியில் அராபா, "ஜோஜோ, மணி அஞ்சு" என்றாள். "இதோ, ஒரு நிமிஷம்" என்றான். பொரித்த மீனும் கென்கேயும் கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போயிற்று. ஆறு மணிக்கு நான் நிமிர்ந்து பார்த்தபோது கதவருகில் ஆளில்லை, தனியாகப் போய்விட்டாள். "போயிட்டாளா?" என்று இவன் என்னைக் கேட்கிறான்! "பொண்ணை நிக்க வெச்சுட்டு உக்காந்து பேசறியே, உனக்கு வெக்கமா இல்லை?" என்று விட்டேன் ஒரு டோஸ். அதற்குப் பிறகு எட்டு மணிவரை விட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் தங்கை வந்து நின்று, "மிஸ்டர் எசில்பி, இந்தப் பையன் யாரைப் பார்க்க வரான்?" என்றாள். கோபம் வந்தால்தான் என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவாள். "என்கிட்ட மன்னிப்புக் கேக்க வரான்" என்றேன். அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

கடைசியாக அந்தக் கதவு தட்டல். அவன் தாய்மாமன் வந்து, "உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பார்த்தோம்" என்று முறைப்படி அழகாகப் பேசினார். நான் முறைப்படி முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டிலை நீட்டினார்கள். அதன் கழுத்தில் சிவப்பு நாடாவில் ஒரு அட்டை. முத்து முத்தான எழுத்து. மாமனாருக்கு என்று எழுதவேண்டிய இடத்தில், ‘ஃபாதர்-இன்-லா’வில் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டி ‘ஃபாதர்-இன்-க்ளா’ என்று எழுதியிருக்கிறான். நகமுள்ள தகப்பன்! பிறாண்டுகிறவன்! எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சரியாக ஒரே எழுத்து, சட்டப்படி இருந்தது, அதனால் என்னால் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவும் முடியவில்லை. வயிறு எரிகிறது மச்சான். எனக்குப் பெண் கொடுத்தபோது உங்கள் அப்பாவுக்கு நான் இப்படியா அட்டை எழுதினேன்? நடுங்கிக்கொண்டே நின்றேன். உங்களுக்கும் நினைவிருக்கும், நீங்கள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

ஆகவே, சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி வாருங்கள். பாட்டிலைத் தொடாதீர்கள். அட்டையைப் படிக்காதீர்கள், படித்தால் சிரிப்பு வந்துவிடும். "எங்கள் பெண் கணக்கு டீச்சர், அவளுக்கு இரண்டும் இரண்டும் எப்போதும் நாலு, எழுத்தை மாற்றுகிறவன் வீட்டில் அவளுக்கு வேலையில்லை" என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் வீட்டாருக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல செரிமானமும் அருள்வாராக. ஏக்குவா அன்பு சொல்லச் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள, மனம் கொதித்துப் போயிருக்கிற,
ஜோ. கொ. எசில்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். டிரைவர் வெளியே ஹார்ன் அடிக்கிறான், அடிக்கட்டும்.

பள்ளிக்கூட மத்தியான இடைவேளையில் அராபா வந்தாள். நான் உறையில் உங்கள் விலாசம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கா? சிரமப்படாதீங்கப்பா. நானே ஜோஜோகிட்ட வேண்டாம்னு காலையில சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்திருக்கவேண்டும். பாழாய்ப்போன மனசு, திக்கென்றது. "நான் சொன்னதுக்காகவா?" என்று கேட்டேன். "இல்லை. ரெண்டு மாசத்துல நாப்பத்தொரு சாயங்காலம் வந்திருக்கான். என்கிட்ட பேசினது எல்லாம் சேர்த்தா ரெண்டு மணி நேரம் தேறாது. நான் கணக்கு டீச்சர், எண்ணிட்டேன். அவன் தட்ட வந்தது என் கதவை இல்லப்பா, உங்க கதவை" என்றாள். "எழுத்தை எண்ணுற ஆம்பளையோட இந்த வீட்டுல இருபத்தெட்டு வருஷம் இருந்துட்டேன். அம்மா சிரிச்சே சமாளிச்சுட்டாங்க. எனக்கு அந்தச் சிரிப்பு வராது. போற வீட்டுலயும் நான் கைப்பையோட கதவுகிட்ட நிக்கணுமா?" இவ்வளவும் சாந்தமாகத்தான் சொன்னாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய்ப் பானையை நகர்த்துகிற மாதிரி நின்று அழுதாள். சத்தமில்லாத அழுகை மச்சான். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்து நான்கு வருஷம் கண்டவன் பேச்சையெல்லாம் மொழிபெயர்த்த எனக்கு என் பெண் கதவருகில் நின்றது புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து கேட்டில் அவன். முகம் செத்துப்போயிருக்கிறது, விரலெல்லாம் பச்சைப் பெயிண்ட். என்னைப் பார்த்ததும், "ஐயா, நேத்து நீங்க கேட்டீங்களே, அந்த எழுத்து..." என்று ஆரம்பித்தானே பார்க்கலாம்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அடேய் மடையா! முட்டாள் பயலே! என்கிட்ட என்னடா பேச்சு? என்னையாடா கட்டிக்கப் போறே? அவ உள்ள அழுதுக்கிட்டிருக்கா. போ! பின்பக்கமாப் போ! இனிமே இந்த வாசல்ல என் எதிர்ல உக்காந்தேன்னா காலை ஒடிச்சுருவேன்!" என்று கத்தினேன். சொன்னபடி பின்பக்கமாக உள்ளே போய்விட்டான். நேற்று நான் கேட்டதற்கு என்ன பதில் கொண்டுவந்தான் என்று தெரியவில்லை, அதையும் நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு எழுத்தல்ல, அத்தனையையும் மாற்றிப் படியுங்கள். சனிக்கிழமை வந்து பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் மறுபடி வேண்டாம் என்றால், தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் உட்கார்ந்து அவளிடம் நல்லபடியாகப் பேசுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அரை மணியாக உள்ளே பேச்சுச் சத்தம். முதலில் அவன் குரல் மட்டும், அப்புறம் திடீரென்று அராபா சிரித்தாள். நம் அராபா, மச்சான், வாய்விட்டு. என்ன சொன்னான் என்று கேட்க நாற்காலியை இரண்டு தடவை கிட்டே நகர்த்தினேன், உங்கள் தங்கை கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் இங்கிருந்தபடியே, "என்ன சொன்னான்?" என்று குரல் கொடுத்தேன். "அது உங்களுக்கு இல்லப்பா" என்கிறாள் அராபா.